பத்தொன்பதரை ஹோம் ரன்

பெண் பார்க்கப் போன இடத்தில் என் வருங்கால மாமனார், மாப்பிள்ளை என்ன ஆட்டம் ஆடுகிறார் என்று கேட்டார். பேஸ்பால் என்றேன். கிரிக்கெட் மாதிரியா என்றார். மாதிரிதான் மாமா, பந்தை வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன், நம்ம சிக்ஸர் போல, ஆனால் அடித்த பிறகு மூன்று மூலையையும் மிதித்து ஒரு சுற்று ஓடி, கடைசியில் கிளம்பின இடத்தில் பதித்திருக்கிற ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று விளக்கினேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"பந்துதான் வெளிய போயிட்டே, பெறவு எதுக்கு ஓடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வருடம் கழித்து அந்தக் கேள்வி என் குடியைக் கெடுக்கும் என்று அப்போது தெரியவில்லை.

என் பெயர் கோமதிநாயகம். வயது ஐம்பத்து நான்கு. தமிழ்நாட்டில் அதிக ஹோம் ரன் அடித்தவன் நான்தான். மொத்தம் பத்தொன்பதரை. மலைத்துவிட வேண்டாம், எங்கள் ஆட்டங்களுக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் மைதானத்துக் காவலரும் அவர் சைக்கிளும்தான். பந்து வேலியைத் தாண்டினால் அவர் கைதட்டமாட்டார். தேடிப் போக வேண்டுமே என்று என்னைத் திட்டுவார். என் புகழ் அந்த அளவில் இருந்தது.

அந்த அரையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் மாநில இறுதிப் போட்டி. ஜெயிக்கிற அணியில் வேலையில்லாத அத்தனை பேருக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஏற்கெனவே ஒரு குமாஸ்தா வேலை இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. என் சிநேகிதன் மிக்கேலுக்கு இல்லை. ஆட்டம் ஆயுத பூஜைக்கு மறுநாள். முந்தின நாள் காவலர் மட்டை, ஹெல்மெட், புல் வெட்டும் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு ஹோம் பிளேட்டுக்கும் வைத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அதுவும் ஆயுதம்தான். அம்பயர் பிரஷ்ஷால் தேய்த்தும் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு போகவில்லை.

இரண்டு அணியும் சமநிலை. கடைசி வாய்ப்பு. நான் அடித்தேன். அப்படி ஒரு அடியை நான் அதற்கு முன்பும் அடித்ததில்லை, பின்பும் அடிக்கவில்லை. பந்து வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் விழுந்தது. கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தேன். பிளேட்டை நெருங்கியபோது பொட்டைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் அதை மிதித்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். எனக்கு அன்று முதல் சுற்றே அதுதான். புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வளர்ப்பு. பொட்டு வைத்த பொருளின்மேல் பூட்ஸ் காலை வைக்க உடம்பு ஒப்பவில்லை. கால் தானாக எழும்பி, பிளேட்டைத் தாண்டிவிட்டது.

அடுத்து ஆட நின்ற மிக்கேல் மட்டையை எறிந்துவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, தோளிலேயே எங்கள் அணி உட்காருகிற ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். யாரோ கோலி சோடா கொடுத்தார்கள். எதிரணியில் கேட்ச் பிடிக்கிறவன், கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், நிதானமாக வேறொரு பந்தை வாங்கி பிளேட்டை மிதித்து அம்பயரைப் பார்த்தான். பிளேட்டைத் தொடாமல் ஷெட்டுக்குள் போய்விட்டால் அவுட். வாயில் சோடாவோடு நான் அவுட். கூடுதல் ஆட்டத்தில் தோற்றோம். வேலை எதிரணிக்குப் போனது.

மிக்கேல் தூத்துக்குடியில் ஐஸ் லாரி ஓட்டப் போனான். "இவன் சாமியக் கும்பிடப் போயி என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னான். என்னிடம் மட்டும் அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடம். எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவான். தப்பு என் மேல்தான் என்பதால் நானும் கூப்பிட்டதில்லை.

போன ஆவணியில் இந்தச் சாதனையாளரைத் தேடி இரண்டு பெண்கள் வந்தார்கள்.

ஒருத்தி நஸ்ரின், மதுரையில் தடப் பதிவு நிலையம் வைத்திருப்பவள். ஒருவர் உடம்பு பழகி வைத்திருக்கிற அசைவை நரம்பிலிருந்து எடுத்து இன்னொருவர் உடம்பில் ஏற்றுவார்கள் இல்லையா, அந்தத் தொழில். அப்போதே ஊரில் அது சகஜமாகிவிட்டது. எங்கள் தெரு முனைக் கடையில் ஒரே பரோட்டா மாஸ்டரின் கை நான்கு பேரிடம் இருந்தது, நால்வரும் ஒரே நேரத்தில் மூக்கைச் சொறிவார்கள்.

"சார், ஒரு பேஸ்பால் ஹிட்டர் தடம் வேணும். வெளிநாட்டுத் தடம் இருக்கு, ஆனா அவங்க ஆறேகால் அடி. அதை நம்ம பிள்ளைங்க உடம்புல ஏத்தினா இடுப்பு போயிடுது. நம்ம உடல்வாகுல பெருசா அடிச்சவங்க யாருன்னு தேடினேன். உங்க ஒருத்தர் பேர்தான் கிடைச்சது" என்றாள் நஸ்ரின்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எனக்கு அது போதும். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். என் மனைவி உலகம்மாள் காப்பி வைத்துவிட்டு, "ரொம்ப தூக்கி விடாதீக, ஏற்கெனவே தொண்ணூத்திரண்டு கிலோ" என்றாள்.

மற்றவள் அதுவரை பேசவில்லை. இருபத்து மூன்று வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், இடது புருவத்தில் தையல் தழும்பு. "தடம் எனக்குத்தான் மாமா. ஆறு வாரத்துல ஸ்டேட் ஃபைனல். எனக்குக் கடைசி வருசம். ஜெயிச்சா வேலை" என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் பஸ்ஸில் டிரைவர் இல்லாமல் போய்விட்டார், ரூபாய் நோட்டு போய்விட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டா மட்டும் அப்படியே இருக்கிறது.

"யாரு பிள்ளைம்மா நீ?"

"தூத்துக்குடி மிக்கேல் மக. ரொசாலி."

உலகம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா கொன்னே போடுவாரு. எனக்கு பந்து கண்ணுக்கு நல்லாத் தெரியும் மாமா, அடிச்சா தூரம் போகல. வேற வழி இருந்தா உங்ககிட்ட வந்திருக்கவே மாட்டேன்."

மிக்கேலின் மகள்தான். மறுக்க எனக்கு வாயில்லை.

மதுரையில் ஒரு நாற்காலியில் சாய்த்து, தலையிலும் முதுகிலும் எதையோ ஒட்டி, கண்ணை மூடி ஹோம் ரன் அடிப்பதாக நினைக்கச் சொன்னார்கள். உண்மையில் அடிக்கச் சொன்னால் என் தொப்பை முதலில் சுற்றி வரும், நான் பிறகு வருவேன். நினைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுந்து பார்த்தபோது திரையில் கோடுகளால் வரைந்த ஒரு மனிதன் என்னைப் போலவே நின்று, என்னைப் போலவே சுழற்றி அடித்தான். தொப்பை இல்லாததால் அழகாகவே இருந்தான். ஓடினான். மூன்று மூலையையும் மிதித்தான். கடைசியில் பிளேட்டைத் தாண்டிக் குதித்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது ஒரே ஒரு தடவைம்மா! மத்த பத்தொம்பது தடவையும் ஒழுங்காத்தான் மிதிச்சேன்."

நஸ்ரின் கொஞ்சம் தயங்கினாள். "சார், இது நீங்க மைதானத்துல எத்தனை தடவை செஞ்சீங்கன்னு பார்க்காது. நரம்பு எதை அதிகமா ஓட்டிப் பார்த்திருக்கோ அதைத்தான் எடுக்கும். மனசுக்குள்ள ஓட்டினாலும் நரம்புக்கு ஒண்ணுதான். இதை நீங்க எத்தனை தடவை நினைச்சிருப்பீங்க?"

தினமும். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, ஆபீஸில் ஸ்டாம்பு குத்தும்போது. இருபத்தாறு வருடமாக நான் ஒழுங்காகச் செய்த ஒரே பயிற்சி அதுதான்.

"அதை மட்டும் வெட்டி எடுத்திரலாமே?"

"முடியாது சார். அடி, ஓட்டம், தாண்டல் எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணியை எடுத்தா அடியும் போயிடும். தாண்டினதுக்கு அப்புறமும் ஏதோ இருக்கு. உடம்பு கொஞ்சம் வளையுது, அங்கேயே கலைஞ்சு போகுது. அது என்னன்னு எனக்குப் புரியல."

"முதுகுவலியா இருக்கும்" என்றேன்.

பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். மொட்டை மாடியில் கோலப்பொடியால் ஐந்து மூலைப் பிளேட் வரைந்து, தினமும் ஓடி வந்து மிதிக்கப் பழகினேன். நடந்து வந்தால் மிதிக்க முடிந்தது. ஓடி வந்தால் கால் எழும்பியது. தாண்டிய பிறகு திரும்பி வந்து மிதிக்கப் பார்த்தேன், அப்போதும் கால் அந்தரத்தில் நின்றது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். பதினான்காம் நாள் முட்டி வீங்கி உட்கார்ந்தேன். உலகம்மாள் எண்ணெய் தேய்த்தாள்.

"ஏங்க, ஒரு தடவ செஞ்ச தப்ப இத்தன வருசமா கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கீக. அது எப்படிப் போகும்?"

ரொசாலியை அழைத்துச் சொன்னேன். இந்தத் தடம் வேண்டாம், உன் அப்பாவைக் கெடுத்தது போதும். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "தாண்டிட்டா திரும்பி வந்து மிதிக்கலாம்ல? ஷெட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி மிதிச்சா செல்லும். ரூல்ல இருக்கு. எவ்வளவு நேரம் ஆனாலும் நின்னு மிதிச்சிருதேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க மாமா" என்றாள்.

நான் முடியாத காரியத்தை அவள் முடித்துவிடுவாள் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. என் அடி மறுபடி ஒருமுறை மைதானத்தில் விழப்போகிறதே என்ற அற்பச் சந்தோஷம்.

தடம் ஏற்றிய பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் எழுந்து நின்று, என்னைப் போலவே இரண்டு கையாலும் பேன்ட்டை இல்லாத தொப்பைக்கு மேலே ஏற்றி விட்டுக்கொண்டாள். உலகம்மாள் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் உடம்பில் என்னைத் தவிர வேறு யாரெல்லாம் இருந்தார்களோ, அவர்களில் ஒருவர் இடம் காலி செய்திருக்க வேண்டும் என்று பட்டது.

இறுதிப் போட்டி அதே மைதானத்தில். காவலர் வேலையையும் இப்போது மிஷின் பார்க்கிறது, அது குங்குமம் வைப்பதில்லை. நான் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தேன். மிக்கேல் முன்வரிசையில் இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. முதல் மூன்று வாய்ப்பிலும் ரொசாலி அடித்தது வேலி வரைக்கும் போய் அங்கே பிடிபட்டது. மூன்றாவது அடிக்கு மிக்கேல் எழுந்து நின்றான். மெதுவாகத் திரும்பி, ஒவ்வொரு வரிசையாகத் தேடினான். என்னைக் கண்டுபிடித்தான். படியேறி வந்தான்.

இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை, "ஏலே."

நான் எழுந்து நின்றேன்.

"அந்தச் சுழட்டு யாருதுன்னு எனக்குத் தெரியாதால? முதுகுக்குப் பின்னால நின்னு நாலு வருசம் பாத்திருக்கேன்."

"மிக்கேலு, அவதான் வந்து கேட்டா..."

"மட்டையைப் பிடிச்சு எப்படி நிக்கணும்னு அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். ஏழு வயசுல. ஐஸ் லாரியை ஓரங்கட்டிட்டு பீச்சு மணல்ல சொல்லிக் கொடுத்தது. இப்ப எம்பிள்ள நிக்கித நிலையே எனக்குத் தெரியல. உன்ன மாதிரி நிக்கா. என் வேலையத்தான் எடுத்த, அதையும் எடுத்துட்டியால?"

தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது. அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். அதற்குள் கடைசி வாய்ப்பில் ரொசாலி ஆட வந்துவிட்டாள். அவன் நின்ற இடத்திலேயே, எனக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டான்.

ஒரு ரன் பின்னால் இருந்தார்கள். இரண்டாவது மூலையில் ஒரு பெண் நின்றாள். இன்னும் ஒருத்தி அவுட்டானால் முடிந்தது. ரொசாலி பேன்ட்டை ஏற்றி விட்டுக்கொண்டாள். பந்து வந்தது. மட்டை சுழன்றது.

சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிக்கேலுக்கும் தெரிந்தது, என் தொடையை இறுக்கிப் பிடித்தான். பந்து வேலியைத் தாண்டியது. இப்போது அந்த இன்ஸ்டிட்யூட் இல்லை, அங்கே இருக்கிற கார் பார்க்கிங் கூரையில் போய் இடித்தது. இரண்டாவது மூலையில் நின்ற பெண் ஓடி வந்து பிளேட்டை மிதித்தாள். சமம். அவள் உடனே திரும்பி, ஓடி வந்த மற்ற பெண்களை இரண்டு கையையும் விரித்துத் தடுத்து நிறுத்தினாள்.

"ஏன்ல மறிக்கா?" என்றான் மிக்கேல்.

எனக்குக் காரணம் தெரியும்.

ரொசாலி மூன்றாவது மூலையைத் தாண்டி வந்தாள். பிளேட்டை நெருங்கினாள். கால் எழும்பியது. தாண்டிவிட்டாள்.

மிக்கேல் என் சட்டையைப் பிடித்தான். "பாவி! அதையுமா குடுத்த?"

அவள் திரும்பினாள். திரும்பி வந்து மிதிக்கப் போகிறாள், கால் அந்தரத்தில் நிற்கப் போகிறது, மொட்டை மாடியில் நான் நின்ற மாதிரி. எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, ஆனாலும் பார்த்தேன். அவள் காலைத் தூக்கவில்லை. இடுப்பு வளைந்தது. குனிந்தாள். வலது கை நீண்டு பிளேட்டைத் தொட்டது. தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அம்பயர் ஒரு கணம் பார்த்தார். கால்தான் பட வேண்டும் என்று எந்த ரூலிலும் இல்லை. தொட்டால் போதும். கையை நீட்டினார். ரன்.

இருபத்தாறு வருடமாகக் காலைப் பற்றியே யோசித்த எனக்குக் கை என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. எனக்கு மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும்.

ரொசாலி எங்களைப் பார்த்துவிட்டு எங்கள் பக்க வேலியோரம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. அப்பா பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நொடி பயந்தாள். சந்தோஷம் பயத்தை விழுங்கிவிட்டது. கீழிருந்தே கத்தினாள்.

"மாமா! திரும்பி வந்து மிதிக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கை தானா போயிருச்சு. நான் குனியல மாமா, அதுவா குனிஞ்சுது. உங்க தடத்துலயே அது இருந்திருக்கு!"

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். கூட்டாளிகள் இப்போது அவளைத் தூக்கிக்கொண்டார்கள்.

மிக்கேல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நஸ்ரின் காட்டிய திரை என் நினைவுக்கு வந்தது. உடம்பு கொஞ்சம் வளைகிறது, அங்கேயே கலைந்து போகிறது. காலில் பட்டதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வளர்ப்பு. தாண்டியதோடு எப்படி நிற்கும்? அன்றைக்கு நான் திரும்பிக் குனிந்திருக்கிறேன். மனசு மறந்துவிட்டது. முதுகு மறக்கவில்லை. குனிந்து முடிப்பதற்குள் என் கால் தரையை விட்டுப் போயிருக்கிறது.

அவனும் யோசித்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அப்போ நீயும் குனியத்தான் போயிருக்க."

இப்போது என் பக்கம் திரும்பினான்.

"ஓடியாந்து உன்னத் தூக்குனது நான்தான. கோமதி, சொல்லுல. நான்தான தூக்குனேன்?"

இத்தனை வருடம் நான் சுமந்ததை அவன் தலையில் ஏற்றி வைக்க ஒரு வார்த்தை போதும். எனக்கு அது பழகிப்போன சுமை. அவன் இனிமேல் எடுத்தால் தாங்கமாட்டான்.

"போல கிறுக்குப் பயலே" என்றேன். "மொத்த டீமும் சேர்ந்துதான தூக்குச்சு. என்னப் பாரு, தொண்ணூத்திரண்டு கிலோ. ஒத்த ஆளா தூக்க முடியுமால?"

அவன் என் தொப்பையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, டீ குடிப்போம்" என்றான்.

அன்றைக்கு என் எடை அறுபத்தோரு கிலோ. மிக்கேல் ஒற்றை ஆளாகத்தான் தூக்கினான்.